நடுவுக்கு வராத படம்

தர்ஷினி, கிஷோர், உங்கள் இரண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்த கதையை நீங்கள் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது எனக்குத் தெரியும். சொல்லுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கிஷோர் புதிதாக ஏதாவது சேர்த்துவிடுகிறான். போன தடவை சொன்னபோது நான் மொனிட்டரின் மேல் டைல்ஸ் ஒட்டியதாகவே சொல்லிவிட்டான். டைல்ஸ் ஒட்டுவது என் தொழில்தான். அதற்காகக் கண்டதிலெல்லாம் ஒட்டுகிறவன் இல்லை நான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் தர்ஷினி திருத்திக்கொள். (கதையைத் திருத்தாதே.)

முதலில் உங்கள் பிரபா மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அம்மாவின் தம்பி, கட்டுகஸ்தோட்டையில் போனும் கம்ப்யூட்டரும் திருத்துகிற கடையில் வேலை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்களுக்குத் தெரியாதது, அந்த மனுசன் நம் வீட்டுப் படியில் கால் வைத்தாலே எனக்கு நெஞ்சு கரிக்கும் என்பது. (தெரியும் என்று அம்மா இங்கிருந்து சொல்கிறாள். சரி, தெரியும்.)

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவர். குடியில்லை, கடன் இல்லை, தலைமயிர்கூடக் கொட்டவில்லை. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்தாலும் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. நான் சைட்டிலிருந்து வந்தால் முழங்கால் வரை சிமெந்து. அவர் தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் குடிப்பார். அதை அம்மா ஒரு நாள் புகழ்ந்து சொன்னாள் என்பதற்காக நானும் சீனி இல்லாமல் குடித்துப் பார்த்தேன். ஒரு வாரம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிறகு கரண்டியை எடுத்து இரண்டு மடங்காகப் போட்டுக்கொண்டேன்.

அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் சொல்கிற ஒரு சொல் இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியாது. எதைத் திருத்தினாலும் திருத்தி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு, "சிம்பிள் மச்சான்" என்பார். அம்மாவின் போன் தண்ணீரில் விழுந்தபோது சிம்பிள். டீவியில் சத்தம் போனபோது சிம்பிள். நான் அரை நாள் ஆராய்ந்து, இது செத்தே போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்ன ரைஸ் குக்கரைக் கையில் வாங்கி, அடியில் எதையோ ஒரு திருகு திருகிவிட்டு, அதற்கும் சிம்பிள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் நீங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் மூன்று மாடி வீட்டுக்கு டைல்ஸ் போட்டு முடித்தபோதுகூட என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. கொஞ்ச நாளில் வீட்டில் எது கெட்டாலும் "மாமாவக் கூப்பிடலாம்" என்பது பழக்கமாகிவிட்டது. ஒரு நாள் குசினியில் தண்ணீர்க் குழாய் சொட்டியது. குழாய் என்பது என் தொழிலுக்குப் பக்கத்து வீடு. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன். கிஷோர் என்னைத் தாண்டிப் போய் அம்மாவிடம், "மாமாவுக்கு போன் போடுங்கம்மா, தண்ணி சொட்டுது" என்றான். என் கையில் ஸ்பேனர் இருந்தது. அதை அவன் பார்க்கவேயில்லை.

அந்தக் காலத்தில்தான் கம்ப்யூட்டர் வந்தது. தர்ஷினிக்கு ஒன்லைனில் கணக்கு வகுப்பு, போனில் பார்த்தால் கண் வலிக்கிறது என்றாள். மாமா கடையில் கழித்துப் போட்ட சாமான்களை ஒன்றாகச் சேர்த்துப் பூட்டி, ஒரு மொனிட்டரும் கெமராவும் சேர்த்து, ஒரு சனிக்கிழமை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். நான் மேசையை நகர்த்திக் கொடுத்தேன். அதுதான் என் பங்கு.

"லினக்ஸ் போட்டிருக்கேன் மச்சான். வைரஸ் வராது. காசும் குடுக்கத் தேவையில்ல" என்றார்.

எனக்கு அது லிங்கேஷ் என்று காதில் விழுந்தது. யாரோ கட்டுகஸ்தோட்டைப் பையன், மாமாவின் கூட்டாளி என்று நினைத்துக்கொண்டேன். "காசு வாங்காம செய்யிறானா? நல்ல பையன்தான். ஒரு நாள் சாப்பிடக் கூட்டிக்கிட்டு வாங்க மாப்ள" என்று மரியாதையாகச் சொன்னேன். பிரபா ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி மச்சான்" என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்கே ஒரு சண்டை போட்டு மனம் ஆறியிருப்பேன். அந்த வாய்ப்பையும் அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

அந்தப் பெட்டி வந்த நாள் முதல் வீட்டில் அதுதான் ராசா. "மாமா குடுத்த கம்ப்யூட்டர்" என்றுதான் அதற்குப் பெயர். அது வைத்திருக்கிற மேசை நான் வாங்கியது, அது நிற்கிற தரை நான் போட்டது. அதை யாரும் "அப்பா போட்ட தரை" என்று சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரு சம்பந்தம் வேண்டும் என்று மனசு கிடந்து தவித்தது. அந்தச் சமயத்தில் சரஸ்வதி பூசை வந்தது.

பூசைக்கு என் சாமான்களையெல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக வைப்பேன், உங்களுக்குத் தெரியும். டைல்ஸ் வெட்டுகிற மெசின், மேசன் கரண்டி, ரப்பர் சுத்தியல், மட்டம் பார்க்கிற லெவல். அந்த வருசம் கம்ப்யூட்டரையும் சேர்த்துக்கொண்டேன். இதைப் பூட்டியது மாமாவாக இருக்கலாம், பூசை போட்டது அப்பாவாக இருக்கட்டும் என்பது என் கணக்கு. பூசை நேரத்தில் அது உயிரோடு இருக்க வேண்டும் என்று தர்ஷினியிடம் சொல்லி ஓன் பண்ணவும் வைத்தேன். சந்தனத்தை நானே குழைத்தேன். ஒழுகிவிடாமல் நிற்க வேண்டும் என்று கெட்டியாக, டைல்ஸுக்குப் பசை குழைக்கிற பதத்தில் குழைத்தேன். மொனிட்டரின் கீழ் விளிம்பில் சின்னச் சின்ன வட்டமாக ஒரு வரிசை இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்து வைத்தது போல. ஒவ்வொன்றிலும் கட்டை விரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன்.

அப்போது திரையில் ஒரு சின்னப் பெட்டி தோன்றி, ஏதோ அசைந்து, மறைந்தது.

எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. சரஸ்வதி ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கிஷோரையும் போடச் சொன்னேன்.

பூசை முடிந்த பிறகு, ஏதோ அப்டேட் கேட்கிறது என்று தர்ஷினி ஒரு பட்டனை அமுக்கிவிட்டுப் படுக்கப் போனாள். மறுநாள் பார்த்தால் படம் முழுக்க வலது பக்கம் நகர்ந்திருந்தது. இடது பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பு. வலது பக்கத்தில் அதே நாலு விரல் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. மூலையில் இருந்த கடிகாரத்தில் மணி மட்டும் தெரிந்தது, நிமிடத்தைக் காணோம். ஒன்பது என்று காட்டும். பத்தாகும் வரைக்கும் ஒன்பதுதான்.

அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், சுவரில் வேறு கடிகாரம் இருக்கிறது. ஆனால் கணக்கு வகுப்பில் டீச்சர் எழுதுகிற விடைகள் எல்லாம் வலது பக்கத்தில்தான் வந்து முடிந்தன. சமன் அடையாளம் வரைக்கும் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் மொனிட்டரின் விளிம்பு. "எனக்கு எல்லாக் கணக்கும் சமன் வரைக்கும் தெரியும்பா" என்று தர்ஷினி அழுதுகொண்டு சொன்னாள்.

"அப்டேட் பண்ணுனதாலதான் இப்படியாயிடுச்சு" என்பது அவள் முடிவு. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். (பெற்ற பிள்ளை அழும்போது சந்தோசப்பட்ட தகப்பன் நானாகத்தான் இருப்பேன்.) ஏனென்றால் இது மாமா போட்ட லினக்ஸின் பிழை. (லினக்ஸ் ஆள் இல்லை, கம்ப்யூட்டருக்குள் போடுகிற சாமான் என்று அதற்குள் தர்ஷினி சொல்லித் தந்திருந்தாள்.) "சும்மா குடுக்கிற சாமான் இப்படித்தான் இருக்கும்" என்று அம்மா காதில் படுகிற மாதிரி சொன்னேன். அந்த வாரம் எனக்குப் பிலிமத்தலாவையில் வேலை. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு, எனக்குள் சிரித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை வந்தது. மத்தியானத்துக்கு மேல் தர்ஷினிக்கு முக்கியமான வகுப்பு, மாதிரி வினாத்தாளுக்கு விடை சொல்லித் தருகிற வகுப்பு. அம்மா காலையிலேயே ஆரம்பித்தாள்.

"என்னாங்க, தம்பிக்கு ஒரு போன் போடவா?"

"எதுக்கு?"

"எதுக்கா? புள்ளைக்கு கிளாஸ் இருக்குல்ல."

"நான் இல்லையா வீட்டுல?"

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இருக்கீங்க" என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. பிறகு, "எப்பிடியும் அவன் பின்னேரம் இங்கதான் வர்றான்" என்று சொல்லிவிட்டு அரிசி கழுவப் போனாள்.

அங்கேதான் எனக்குப் பிடித்தது வெறி. மாமா படியேறி வருவதற்குள் படம் நடுவுக்கு வந்துவிட வேண்டும். வந்தவரிடம் நீங்கள் இரண்டு பேரும், "அப்பா சரி பண்ணிட்டாரு" என்று சொல்ல வேண்டும். நான் கையைத் தட்டிக்கொண்டு, "சிம்பிள் மாப்ள" என்று சொல்ல வேண்டும். வாழ்க்கையில் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் போல இருந்தது.

எனக்கு நம்பிக்கையும் இருந்தது. ஏனென்றால் நடு என்பது என் தொழில். ஓர் அறைக்கு டைல்ஸ் போடுகிறவன் முதலில் செய்கிற வேலை, நூல் பிடித்து நடுவைக் கண்டுபிடிப்பது. நடு தெரியாமல் நான் ஒரு டைல்ஸும் வைத்ததில்லை. அப்படிப்பட்டவன் வீட்டிலேயே ஒரு படம் நடுவை விட்டு விலகி நிற்பதா?

முதலில் யோசித்தேன். அம்பிட்டியவில் நம் வீடு நிற்பதே மலைச் சரிவில். சரிவு எந்தப் பக்கம்? வலது பக்கம். படம் போயிருப்பது எந்தப் பக்கம்? வலது பக்கம். விசயம் பளிச்சென்று புரிந்துவிட்டது. லெவலை எடுத்து வந்து மொனிட்டரின் தலையில் வைத்தேன். குமிழி ஒரு பக்கமாக ஓடியது.

"பாத்தியா?" என்றேன் கிஷோரிடம். "சாஞ்சிருக்கு. அதான் வழுக்கிப் போயிருக்கு."

"தரை சாஞ்சிருக்காப்பா?" என்றான் அவன்.

"தரை நான் போட்டது. மேசைதான் சாஞ்சிருக்கு."

மேசைக் காலுக்கு அடியில் டைல்ஸ் துண்டு ஒன்றை வைத்தேன். போதவில்லை. இன்னொன்று வைத்தேன். குமிழி இரண்டு கோட்டுக்கும் சரி நடுவில் வந்து நின்றது. எழுந்து திரையைப் பார்த்தேன். படம் முன்பு இருந்த அதே இடத்தில், இப்போது சுத்தமான மட்டத்தில், வலது பக்கம் போய் நின்றது.

"அப்பா, படம் வழுக்காது. அது தண்ணியா?" என்றாள் தர்ஷினி.

"கொஞ்சம் பொறு. இறங்கி வர நேரம் எடுக்கும்" என்றேன். பொறுத்தோம். இறங்கி வரவில்லை.

அதன் பிறகு தர்ஷினி பொறுமை இழந்து, படத்துக்கான செட்டிங்கைத் திறந்தாள். எல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் சொற்களைத் தேடிக்கொண்டே கீழே வந்தேன். ஓர் இடத்தில், பழைய சிநேகிதனைச் சந்தையில் கண்டது போல, ஒரு சொல் கண்ணில் பட்டது. லெப்ட்.

"அதோ. அத அமுக்கு."

"அப்பா, இது ரொட்டேஷன். ரொட்டேஷன்னா சுத்துறது."

"தெரியும்" என்றேன். (தெரியாது.) "படம் ரைட்டுக்குப் போயிருக்கு. லெப்ட்டுக்கு எடுத்தா நடுவுக்கு வரும். லொறி பேக் எடுக்கிற மாதிரிதான். இதுக்குப் போயி ஒரு மாமா வேணுமா?"

அவள் தயங்கினாள். நானே மவுசை வாங்கி அமுக்கினேன்.

படம் அப்படியே இடது பக்கம் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. எழுத்தெல்லாம் செங்குத்தாக ஏணி போல நின்றது. நடுவில் ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. நாம் மூன்று பேரும் கழுத்தை ஒரே பக்கம் சாய்த்துக்கொண்டு அதைப் பார்த்தோம்.

"மாத்துனத வச்சுக்கவான்னு கேக்குதுப்பா. வேணாம்னு குடுங்க" என்றாள் தர்ஷினி.

நான் அம்பை அந்தப் பக்கம் கொண்டுபோகப் பார்த்தேன். மவுசை வலப் பக்கம் தள்ளினால் அம்பு மேலே ஏறியது. கீழே இழுத்தால் வலப் பக்கம் ஓடியது. கையும் கண்ணும் ஒன்றுக்கொன்று பகையாகிவிட்டன. ஒரு வழியாக ஏதோ ஒரு பட்டனில் போய் அமுக்கினேன். பெட்டி மறைந்தது. படம் படுத்தபடியே கிடந்தது. ஒன்றையும் தொடாமல் கொஞ்சம் சும்மா இருந்திருந்தால் அது தானாகவே பழையபடி நிமிர்ந்திருக்குமாம், பிறகுதான் தெரிந்தது. சும்மா இருப்பது மட்டும்தான் அன்றைக்கு நான் செய்யாத வேலை.

"அப்பா, கிளாஸ் தொடங்கப் போகுது" என்று தர்ஷினி விசும்பத் தொடங்கினாள். குசினியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "தம்பி கண்டி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டானாம். அம்பிட்டிய பஸ்ல ஏறிட்டானாம்."

அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், கெட்ட யோசனை இல்லை. படம் படுத்துவிட்டதென்றால், பெட்டியையும் படுக்கப் போடுவோம்.

மொனிட்டரைத் தூக்கி, பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினேன். கால் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் டைல்ஸ் பெட்டி ஒன்று, அந்தப் பக்கம் அரிசி டின், மேலே ஜன்னல் கம்பியிலிருந்து என் தொழில் நூலால் ஒரு கட்டு. லெவலை வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில்.

பாருங்கள், எழுத்தெல்லாம் நேராக நின்றது. அதுமட்டுமல்ல, இத்தனை நாளாகக் காணாமல் போயிருந்த வலது பக்கம் முழுசாக வந்துவிட்டது. வெட்டுப்படுவது இப்போது கீழ்ப் பக்கத்துக்குப் போயிருந்தது. அங்கே மணியும் மெனுவும்தான், போகட்டும். தர்ஷினி வகுப்பைத் திறந்தாள். டீச்சர் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிந்தார். ஆனால் முழுசாகத் தெரிந்தார். பலகையில் சமன் அடையாளம் தெரிந்தது, சமனுக்கு அந்தப் பக்கம் விடையும் தெரிந்தது.

"தெரியுதுப்பா" என்றாள் தர்ஷினி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மகளே, அந்த ஒரு சொல்லுக்கு என் நெஞ்சு எப்படிப் பூரித்தது என்று உனக்குத் தெரியாது. நான் உனக்குப் பின்னால் போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று சொன்னேன்: "ஒங்க மாமா வரட்டும். போன் கண்ணாடி ஒட்டுறவங்களுக்கு இதெல்லாம் வெளங்காது. தொழில் தெரிஞ்சவன் செஞ்சா ஒரு நூலும் ரெண்டு பெட்டியும் போதும்னு சொல்லு."

திரையில் டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார்.

"தர்ஷினி, ஒங்களுக்கு சுகமில்லையா?"

"இல்ல டீச்சர். ஏன் டீச்சர்?"

"ஏன் படுத்துக்கிட்டு கிளாஸ் பார்க்கிறீங்க?"

"படுக்கல டீச்சர், உக்காந்துதான் இருக்கேன்."

டீச்சர் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "சரி. பின்னால ஒங்க அப்பா ஏன் செவுத்துல நிக்கிறாரு?"

மாமா மொனிட்டரின் தலையில் மாட்டிக் கொடுத்த கெமராவை நான் மறந்துபோயிருந்தேன். மொனிட்டரோடு சேர்ந்து அதுவும் படுத்துவிட்டது. வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளும் தர்ஷினி ஒருக்களித்துப் படுத்திருப்பதையும், அவள் தகப்பன் பல்லியைப் போலச் சுவரில் நின்று இடுப்பில் கை வைத்திருப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சட்டென்று குனிந்தேன். (குனிந்தபோது சுவரில் ஊர்ந்து போனது போல இருந்ததாம். அது கிஷோர் சேர்த்தது இல்லை, வகுப்புப் பிள்ளைகளே சொன்னது.)

அப்படிக் குனிந்து, தர்ஷினி உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் முழங்காலில் இருந்தபோதுதான் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. வெளியே மழை பிடித்திருந்தது. ஊரே நனைந்து வருகிற மழையில் பிரபா, சுருக்கமில்லாத சட்டையோடு, கையில் ஒரு கேக் பெட்டியோடு நின்றார்.

அவர் முதலில் மொனிட்டரைப் பார்த்தார். பிறகு அரிசி டின்னை. பிறகு நூலை, அது போய்க் கட்டியிருந்த ஜன்னல் கம்பியை. பிறகு மேசைக் காலுக்கு அடியில் இருந்த டைல்ஸ் துண்டுகளை. கடைசியாக என்னை.

"என்ன மச்சான், புதுசா இருக்கு" என்றார்.

"ஒண்ணுமில்ல மாப்ள. படம் வலது பக்கம் போயிருச்சு. லினக்ஸ்தான் சரியில்ல. அப்டேட்டுக்குப் பொறகு."

"ஓ" என்றார். கேக் பெட்டியை அம்மாவிடம் கொடுத்தார். அதற்குள் டீச்சர் ஒரு கணக்கைக் கொடுத்து, எல்லாரும் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தார். பிரபா நூலை அவிழ்த்தார். வெட்டவில்லை, அவிழ்த்து, சுற்றி, என் கையில் கொடுத்தார். மொனிட்டரை நிமிர்த்தி வைத்து, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு மவுசை இரண்டு தடவை அசைத்தார். படமும் நிமிர்ந்தது. மறுபடியும் இடது பக்கம் நாலு விரல் கறுப்பு, வலது பக்கம் நாலு விரல் வெட்டு.

"இது லினக்ஸ் இல்ல மச்சான். மொனிட்டர்லயே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே விளிம்புக்குக் கீழே விரலைக் கொண்டுபோனார். ஒரு வட்டத்தை அமுக்கினார். அது அசையவில்லை. குனிந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார். மஞ்சளாகக் கொஞ்சம் தூள் மேசையில் உதிர்ந்தது. அதை விரலில் எடுத்து மூக்குக்குக் கொண்டுபோனார்.

"மச்சான்" என்றார். "சந்தனம்."

அந்தப் பொட்டுகள் ஒரு வாரமாக எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் இருந்தன. சாமிக்கு வைத்த பொட்டு என்பதால் ஒருவருக்கும் அதன்மேல் சந்தேகம் வரவில்லை. சாமி பொட்டைச் சந்தேகிக்கிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது.

"அப்பாதான் வச்சாரு" என்றான் கிஷோர். "பூசைக்கு. பட்டன்ல எல்லாம் அமுக்கி அமுக்கி வச்சாரு. என்னையும் கன்னத்துல போட்டுக்கச் சொன்னாரு."

"இந்தப் பட்டன் அமுங்குன மேனிக்கே காஞ்சிருக்கு" என்றார் பிரபா, எனக்கு நோகாமல் சொல்ல வேண்டும் என்று சொல்லைத் தேடித் தேடி. "படத்த வலது பக்கம் தள்ளுற பட்டன். அதுபாட்டுக்குத் தள்ளிக்கிட்டே இருந்திருக்கு."

சந்தனம் லேசில் பெயரவில்லை. என் கையால் குழைத்த எதுவும் லேசில் பெயராது. கடைசியில் அம்மா ஊசி கொண்டுவந்து கொடுக்க, அவர் மெதுவாகக் கிளறி எடுத்தார். பிறகு பக்கத்தில் இருந்த இன்னொரு வட்டத்தை ஒரே ஒரு தடவை அமுக்கினார். படம் ஒரு கணம் நடுங்கி, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வழுக்கிக்கொண்டு வந்து நடுவில் நின்றது. நூல் பிடித்தது போல நடு. மூலையில் மணியோடு நிமிடமும் வந்தது.

வலது பக்கம் திறந்ததும் முதலில் அங்கே தெரிந்தது, தர்ஷினியின் வகுப்புப் பிள்ளைகள் அனுப்பிய சிரிப்பு முகங்கள். மேலிருந்து கீழ்வரை, ஒன்றன் கீழ் ஒன்றாக. டீச்சர் தொண்டையைக் கனைத்தார்.

"தர்ஷினி, ஒங்க வீட்டு மைக் தொடக்கத்துல இருந்தே ஓபன்லதான் இருக்கு."

தொடக்கத்திலிருந்தே என்றால் போன் கண்ணாடி ஒட்டுகிறவர்களைப் பற்றிச் சொன்னதும் சேர்த்துத்தான். பிரபாவுக்கும் அது வாசலிலேயே கேட்டிருக்க வேண்டும். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நான் அந்தச் சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். இப்போது வரும், கையைத் தட்டிக்கொண்டு சொல்லப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிரபா கையைத் தட்டினார். என்னைப் பார்த்தார். பிறகு உங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "இது கொஞ்சம் கஷ்டமான கேஸ்தான். எங்க கடையில உள்ளவங்களுக்கே பிடிபட்டிருக்காது" என்றார்.

பிள்ளைகளே, அவர் சிம்பிள் என்று சொல்லவில்லை. ரைஸ் குக்கருக்குச் சொன்னார், தண்ணீரில் விழுந்த போனுக்குச் சொன்னார். ஒரு பட்டனை ஒரு தடவை அமுக்கிய வேலைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு வந்த பொறாமை அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை. கெட்டிக்காரத்தனத்தில் ஒருவன் நம்மை மிஞ்சினால் ஏதாவது குறை சொல்லித் தப்பிக்கலாம். இதற்கு என்ன குறை சொல்வது? கேக்கில் சீனி கூடிப்போச்சு என்றேன். அதற்கும் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் கைங்கரியம். வீட்டில் எது கெட்டாலும் முதல் கேள்வி, "அப்பா பொட்டு வச்சாரா?" பஸ் பாதியில் நின்றுபோனாலும், கரண்ட் போனாலும், தர்ஷினிக்கு ஒரு பாடத்தில் புள்ளி குறைந்தாலும் அதே கேள்விதான். போன வருசப் பூசைக்கு அம்மா சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுக்கும் முன்னால், எங்கே வைக்கலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டுபோய் விரலால் தொட்டுக் காட்டினாள். மொனிட்டரின் முதுகில், நட்ட நடுவில். லிங்கேஷ் இன்னும் சாப்பிட வரவில்லை என்று பிரபாவும் அவ்வப்போது ஞாபகப்படுத்துகிறார்.

கிஷோருக்குத் தெரியாத ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. அதனால் அவன் அதில் எதையும் சேர்க்க முடியாது.

அன்றைக்கு மழை விட்டதும் நீங்கள் எல்லாரும் மாமாவைப் பஸ் ஏற்றிவிட ரோட்டுக்கு இறங்கினீர்கள். நான் முழங்கால் வலி என்று சொல்லி வீட்டில் நின்றுவிட்டேன். கதிரையை இழுத்துப் போட்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். மாமாவின் விரல் போன வழியே என் விரலையும் கொண்டுபோனேன். தள்ளுகிற பட்டனை அமுக்கினேன். படம் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் போனது. நிமிடம் மறையும் வரைக்கும் அமுக்கினேன். பிறகு பக்கத்து வட்டத்தில் விரலை வைத்து, ஒரே ஒரு தடவை அழுத்தினேன். படம் நடுங்கி, வழுக்கிக்கொண்டு நடுவுக்கு வந்து நின்றது.

மைக் மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு எழுந்து நின்று, இரண்டு கையையும் தட்டி, காலியான கதிரையைப் பார்த்துச் சொன்னேன்.

"சிம்பிள் மாப்ள."